ஃபிரிட்ஜ் நின்றிருந்த நேரம்

“ஃபிரிட்ஜ் எவ்வளவு நேரம் ஆஃப்ல இருந்துச்சு சார்? தோராயமாச் சொன்னாக்கூடப் போதும்” என்று மருத்துவர் தொலைபேசியில் கேட்டார்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு கரைசல் எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டு, தோராயமாகப் பதில் சொன்ன மாணவர்களை ஆய்வகத்திலிருந்து திருப்பி அனுப்பியவன். அன்று மாலை, என் மனைவியை எரியூட்டிவிட்டு வந்து, கழுவிவிட்ட கூடத்தின் ஈரத் தரையில் நின்றுகொண்டு, தெரியவில்லை என்று சொன்னேன். தோராயமாகக்கூடத் தெரியவில்லை. முந்தின நாளின் எந்த நிகழ்ச்சிக்கும் என்னிடம் நேரம் இல்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்ற வரிசையும் இல்லை.

அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. கணவரோடு புனேயில் இருந்தபோது இரண்டு முறை செயற்கைக் கருத்தரிப்புக்கு முயன்று, இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது முறையை நாகல் நகரில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு, திண்டுக்கல்லிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் அம்மாதான் வரவழைத்தாள். வந்து இறங்கிய அன்றே மகள் சொல்லிவிட்டாள்: “இதோட போதும்ப்பா. இதுவும் சரியா வரலன்னா விட்டுர்றேன். உடம்பு தாங்கல.” அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இயல்பாக ஒரு மாதத்தில் ஒரு கருமுட்டைதான் முதிரும். கூடவே வளரத் தொடங்கிய மற்றவை சுருங்கிப்போகும். அப்படிச் சுருங்கவிடாமல் பலவற்றை ஒன்றாக வளர்ப்பதற்கு, கருமுட்டையைத் தூண்டும் ஹார்மோனை நாள்தோறும் ஒரே நேரத்தில் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியாகப் போட வேண்டும். இடையில் ஒரு வேளை மருந்து வீரியமில்லாமல் போனால், வளர்ந்துகொண்டிருப்பவை தயங்கிவிடலாம். அந்த ஹார்மோன் ஒரு புரதம். குளிரில் இருக்கும்வரைதான் அதன் மடிப்புகள் ஒழுங்காக இருக்கும். சித்திரை மாதத்துத் திண்டுக்கல்லில், ஆட்கள் நிறைந்த வீட்டில், அதற்கு என்ன ஆகும் என்பதை விளக்க என்னைவிடத் தகுதியானவர் அந்தத் தெருவில் இல்லை.

ஊசியை என் மனைவிதான் போட்டாள். மருத்துவமனையில் செவிலியரிடம் கற்றுக்கொண்டு வந்து, ஒரு வாரம் கத்தரிக்காயில் வெறும் தண்ணீரை ஏற்றிப் பழகினாள். அந்தக் கத்தரிக்காயைக் குழம்பில் போட அவள் சம்மதிக்கவில்லை. “தண்ணிதானே” என்றேன். “இருக்கட்டும், குத்து வாங்கினது” என்றாள். மாலையில் மகளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்துவாள். நான் வெளியே செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது பெண்கள் காரியம் என்று ஒதுங்கியிருந்தேனா, பார்க்க அஞ்சி ஒதுங்கியிருந்தேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சிகிச்சையைப் பற்றி உறவில் யாருக்கும் சொல்லவில்லை. கரு தங்கி மூன்று மாதம் ஆகும்வரை வாய் திறப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கருவே உருவாகாத நிலையில் அதைப் பற்றிப் பேசுவது கண்ணேற்றை வாசலுக்குப் போய் அழைத்து வருவது போல என்று என் மனைவி கருதினாள். மகளுக்கு இடுப்பு வலி, ஓய்வுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் எல்லோருக்கும் செய்தி. மருந்துக் குப்பிகளை ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கீரைக்கட்டுகளுக்கு அடியில் வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீருக்காகவோ பாலுக்காகவோ திறந்தாலும் கண்ணில் படாது.

ஒருநாள் காலை, காபி வடிகட்டப் போனவள் அடுப்படியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அப்படியே திரும்பக் கொண்டுவந்தோம்.

மருமகன் புனேயிலிருந்து வந்து சேர மறுநாள் ஆகும். வெயில் கடுமை. ஆகவே குளிரூட்டும் கண்ணாடிப் பெட்டி ஒன்றை வாடகைக்கு வரவழைத்தார்கள். ஐஸ் பெட்டி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது அதிக மின்சாரம் இழுக்கும். எங்கள் கூடத்தில் அதைத் தாங்கக்கூடிய பெரிய பிளக் ஒன்றே ஒன்று. அதில்தான் ஃபிரிட்ஜ் மாட்டப்பட்டிருந்தது.

ஃபிரிட்ஜைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். சாவு நடந்த எந்த வீட்டிலும் இதைத்தான் செய்வார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த வீட்டில் அதை அறிந்த மூவரில் ஒருத்தி பெட்டிக்குள் இருந்தாள். நான் அவள் தலைமாட்டில் நாற்காலியில் இருந்தேன். மகள் பெண்களுக்கு நடுவில் இருந்தாள். ஃபிரிட்ஜின் உள்விளக்கு எப்போதோ பழுதாகிப் போனது. அதனால் கதவைத் திறந்தாலும் வேறுபாடு தெரியாது.

அன்று மாலை ஊசி நேரத்துக்கு மகள் எழுந்து போயிருக்கிறாள். டப்பாவை எடுத்துச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு குளியலறைக்குள் சென்று, அதுவரை ஒருமுறையும் தானாகப் போட்டுக்கொண்டிராதவள், தானே போட்டுக்கொண்டிருக்கிறாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருக்கிறாள். இதெல்லாம் மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அவள் எழுந்து போனதையே நான் பார்க்கவில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து, அந்த வேளைக்கான மருந்தை எடுக்க மருமகன் ஃபிரிட்ஜைத் திறந்தபோதுதான் கைக்குச் சூடு தட்டியிருக்கிறது. “மாமா, கரண்ட் வரலையா இதுக்கு?” என்று என்னைக் கூப்பிட்டார். சுவரில் ஐஸ் பெட்டி மாட்டியிருந்த பிளக் வெறுமையாக இருந்தது. ஃபிரிட்ஜின் வயர் தரையில் கிடந்தது. வீட்டைக் கழுவிய தண்ணீரில் நனைந்திருந்தது.

மருத்துவர் புது மருந்து தந்துவிட்டார். அன்றைய ஊசியில் சிக்கல் இல்லை. மருமகன் போய் வாங்கி வந்து, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, நேரத்துக்கு அவரே போட்டும் விட்டார். மருத்துவர் அறிய விரும்பியது முந்தின மாலை போட்டதைப் பற்றி. கழற்றிச் சற்று நேரத்தில் எடுத்திருந்தால் கவலையில்லை. அரைநாள் வெம்மையில் கிடந்திருந்தால் அந்த வேளை விடுபட்டதாகவே கொள்ள வேண்டும். அதற்கேற்பத்தான் அளவைக் கூட்டுவதா, இந்த முயற்சியையே நிறுத்துவதா என்று முடிவெடுக்க முடியும் என்றார். மறுநாள் காலை ஸ்கேனுக்கு வரும்போது சொல்லுங்கள் என்றார்.

எனவே நான் விசாரிக்கத் தொடங்கினேன். காரணம் சொல்லாமல் விசாரிக்க வேண்டியிருந்தது.

முதலில் என் மனைவியின் அண்ணனிடம் போனேன். கிராமத்தில் தக்காளியும் முருங்கையும் போடுகிறவர். வெளியே பந்தல் நிழலில் துண்டை விரித்துச் சாய்ந்திருந்தார்.

“நேத்து ஃபிரிட்ஜ எப்பக் கழட்டினாங்க?”

“ஃபிரிட்ஜா?” எழுந்து உட்கார்ந்தார். “என்ன மாப்ள, இப்பப் போயி.”

“சும்மா. தெரிஞ்சுக்கலாம்னு.”

“நான் அப்ப பந்தக்காரனோட மல்லுக்கு நின்னுக்கிட்டிருந்தேன். வெயிலு ஏறுறதுக்கு முன்னாடி இருக்கும். இல்ல இல்ல, ஏறிருச்சு. தலையில துண்டு போட்டிருந்தேனே.” பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, “ஏலே, நான் எப்படா துண்டு போட்டேன்?” என்றார்.

“நீ எப்பவும்தான் போட்டிருக்க” என்றார் அவர்.

வேடசந்தூரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தங்கை உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டதும் தயங்காமல் சொன்னாள்: “நான்தான் அத்தான் கழட்டச் சொன்னேன். அக்கா முகம் மாறிப் போயிருமோன்னு பயமா இருந்துச்சு. பெட்டிக்காரன் மொதல்ல வேற ஒயரு இழுத்துப் போட்டான். அது ரெண்டு மூணு தரம் அணைஞ்சு போச்சு. அப்புறந்தான் இதக் கழட்டினது.”

“அப்ப மணி என்ன இருக்கும்?”

“கேத வீட்டுல மணி பாப்பாங்களா அத்தான்?” என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். சாதாரணமாக வீட்டுக்கு வருகிறவர்கள் வாங்க என்று வரவேற்கப்படுகிறார்கள், போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி விடைபெறுகிறார்கள். ஒரு பகல் அப்படித்தான் துண்டு துண்டாகப் பிரிந்து நினைவில் நிற்கிறது. துக்க வீட்டில் யாரும் வரவேற்கப்படுவதில்லை. யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. எதிரே இருந்தவர் எப்போது எழுந்தார், அந்த இடத்தில் வேறொருவர் எப்போது உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாளில் பிடித்து நிறுத்தக் கணு ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத இரண்டு நாளும் சோறும் தேநீரும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தன. அவரிடம் மட்டும் ஓரளவு நம்பிக்கையோடு கேட்டேன்.

“லுஹருக்குப் பள்ளிவாசலுக்குக் கெளம்புறப்ப பெட்டி எறங்கிக்கிட்டிருந்துச்சு சார். தொழுதுட்டு வந்தப்ப ஒயரு பொசுங்குற வாடை. நான்கூடச் சத்தம் போட்டேன். அப்புறம் அஸருக்குப் போயிட்டு வந்து பாத்தா பெட்டி நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “உக்காருங்க சார். செத்த நேரம் உக்காருங்க” என்றார்.

நண்பகல் தொழுகைக்கும் பிற்பகல் தொழுகைக்கும் இடையில் எப்போதோ. அதாவது ஊசி போடுவதற்குச் சற்று முன்பாகவும் இருக்கலாம், நெடுநேரம் முன்பாகவும் இருக்கலாம். அதற்குள் என் பெரியம்மா முறையுள்ள ஒருவர் குறுக்கிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் தான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குடித்த தண்ணீர் பல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருந்தது என்று சாதித்தார். “இவுகளுக்கு வெந்நி குடிச்சாலும் பல்லு கூசும்” என்றாள் என் மனைவியின் தங்கை. யாரோ சிரித்துவிட்டு, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

நான் நகர்ந்த பிறகு அடுப்படியில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

“மனுசனுக்கு அடி பலம். பொண்டாட்டி போன துக்கத்த விட்டுட்டு ஃபிரிட்ஜப் புடிச்சுக்கிட்டாரு.”

“படிச்சவுக அழ மாட்டாகடி. இப்படித்தான் எதையாவது கேட்டுக்கிட்டே திரிவாக.”

அது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மகளுக்காகத்தான் கேட்கிறேன் என்று எண்ணியிருந்தேன். ஆனால் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு துண்டைச் சொல்லச் சொல்ல, பெட்டி எந்த வாசல் வழியாக வந்தது, அவளை எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடத்தினார்கள், கூந்தலை யார் வாரிவிட்டார்கள் என்று நான் கேட்கத் தேவையில்லாதவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாள் முழுக்க அவள் பக்கத்திலேயே இருந்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படி இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் என்னைக் குழப்பிற்று. கூடத்தில் ஒரு பிளக்தான். எதைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது என்ற கேள்வி அங்கே எழுந்தது, யாரோ விடையும் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? மகளின் மருந்தைச் சொல்லியிருப்பேன் என்று அறிவு சொல்கிறது. எனக்கு அது நிச்சயமில்லை.

இரவு உணவுக்கு முன் மகளே சித்தியிடம் போய்விட்டாள். என்னைக் கேட்கவில்லை. நான் அறை வாசலில் நின்றிருந்தேன்.

“சித்தி, அப்பாவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. ஃபிரிட்ஜுல என் மருந்து இருந்துச்சு.”

“என்ன மருந்துடி?”

“பிள்ளைக்கு.”

சித்தி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு, “எங்க வச்சிருந்தா எங்கக்கா?” என்று கேட்டாள்.

“கீரைக்கு அடியில. எவர்சில்வர் டப்பாவுல.”

“அதப் பாத்தேன்டி. பழங்கொழம்புன்னு நெனச்சுக் குப்பையில கொட்டப் போனேன். எவளோ கூப்பிட்டா, அப்படியே வச்சுட்டுப் போயிட்டேன்.” தலையில் கை வைத்துக்கொண்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் அந்தப் பிளக்கத் தொடவிட்டிருப்பேனா? கூடப்பொறந்தவகிட்டயும் மறைப்பாளாடி ஒருத்தி?”

“அம்மா யாருக்கும் சொல்லக்கூடாதுன்னுச்சு.”

“அவ சொல்லுவா. அம்புட்டும் அவளே பாத்துக்கிடலாம்னு நெனப்பு. இப்பப் பாத்துக்கிட்டாளா?” என்றாள். இறந்தவளிடம் கோபப்படுவது அந்த வீட்டில் அதுவரை யாரும் செய்யாத காரியம். மகள் அழுதாள். சித்தி அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் மயானத்துக்குப் போய்ப் பால் தெளித்துவிட்டு வந்தோம். அங்கிருந்து வந்ததும் ஸ்கேனுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. காரியம் முடியும்வரை வீட்டுப் பெண் வாசல் தாண்டக்கூடாது என்று என் மைத்துனர் தடுத்தார்.

“அவளுக்குக் காய்ச்சல்ணே” என்றாள் தங்கை.

அவர் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் சுடலையே.”

“நீ டாக்டரா? வழிய விடு.”

“இவ்வளவு காலைல எந்த டாக்டர்டி தொறந்து வச்சிருக்கான்?”

“தொறந்திருக்கான், நீ போயிக் காப்பியக் குடி.” அவரை நகர்த்திவிட்டு, காரின் கதவை அவளே திறந்துவிட்டாள். மகள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் ஏறினாள்.

கருத்தரிப்பு மருத்துவமனையின் காத்திருக்கும் அறையிலிருந்து மகளையும் மருமகனையும் உள்ளே அழைத்தார்கள். அவர்கள் போன பிறகு தனியாக இருந்தேன். எதிரே இளம் தம்பதிகள். பழனிக்குப் போய்விட்டு நேரே வந்தவர்கள் போல ஒரு கணவனும் மனைவியும் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மயானத்திலிருந்து வந்து குளித்த ஈரம் உலராமல், தீட்டோடு, நான் அவர்களுக்கு எதிரே இருந்தேன். அப்படி உட்கார்வது சரியா என்று தெரியவில்லை. இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை நான். ஆனாலும் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியதை மனத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நண்பகலுக்குப் பின், மாலைக்கு முன். இடையில் பலமுறை கதவு திறக்கப்பட்டது. எத்தனை முறை என்று தெரியாது. ஒரு மாணவன் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மருத்துவர் என்னைக் கூப்பிடவே இல்லை. மகள்தான் வெளியே வந்தாள்.

“வளந்திருக்குப்பா” என்றாள். “நின்னு போகல.”

“அப்ப அந்த ஊசி வேலை செஞ்சிருக்கா?”

“அதச் சொல்ல முடியாதாம். முந்தி போட்டதோட வேகத்துலயே வளந்திருக்கலாம். நான் போட்டதும் கெடாம இருந்திருக்கலாம். எதுவா இருந்தாலும் நிறுத்த வேண்டாம், இன்னிக்கிலருந்து டோஸ் கொஞ்சம் கூட்டிப் போடலாம்னுட்டாங்க.”

“எது காரணம்னு தெரிஞ்சுக்க ஏதாவது வழி இருக்குமே” என்றேன்.

“தெரிஞ்சு என்னப்பா பண்ணப் போறீங்க?” என்றாள், கடுமையில்லாமல்.

மகிழ்ச்சி என்று சொல்லக்கூடிய ஒன்று எனக்குள் எழுந்தது. அது எழுந்த உடனே, அதை எங்கே வைப்பது என்ற திகைப்பும் எழுந்தது. மகளின் முகத்திலும் அதே திகைப்பைக் கண்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். மருமகன் மருந்து வாங்கப் போனார்.

அப்போது என் தொலைபேசி ஒலித்தது. மனைவியின் தங்கை.

“என்ன அத்தான் சொன்னாங்க?”

“வளர்ந்திருக்காம். நிறுத்த வேண்டாமாம்.”

மறுமுனையில் அழுகை கேட்டது. இரண்டு நாளும் ஓடியாடி எல்லா வேலையும் செய்தவள், அப்படி அழுது நான் கேட்டிருக்கவில்லை. அக்காவுக்காக அழுகிறாளா, தான் கழற்றச் சொன்ன பிளக்கால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதற்காக அழுகிறாளா என்று விளங்கவில்லை. கேட்கவும் முடியாது. தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

மகள் என் கையைத் தொட்டாள். “சித்தியக் கேளுங்கப்பா, சாயங்காலம் ஊசி போட்டு விடுறாங்களான்னு. அவருக்குக் கை நடுங்குது. நேத்து ரொம்ப வலிச்சுச்சு. நானாப் போட்டுக்க இனிமே என்னால முடியாது.”

கேட்டேன்.

அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நானா? ஊசின்னாலே எனக்கு ஆகாது அத்தான்” என்றாள். சற்றுப் பொறுத்து, “எப்படிப் போடணும்னு வெவரமாக் கேளுங்க. போன வைக்காதீங்க, நானும் கேக்குறேன்” என்றாள்.

ஊசி அறையில் இருந்த செவிலியரிடம் போய், வயிற்றில் ஊசி போடும் முறையை ஒருமுறை சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அம்மாவுக்குத்தான் நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கேனே சார். அவங்க வரலையா?”

“வரலை” என்றேன்.

அவர் ஒரு வெற்றுச் சிரிஞ்சை எடுத்துக் காட்டினார். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோலைச் சேர்த்துப் பிடித்து, நேராக. குத்தின பிறகு உடனே எடுக்கக்கூடாது, சற்று நிறுத்த வேண்டும். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தொலைபேசியில் திருப்பிச் சொன்னேன். மறுமுனையில் அவள் “ம்” கொட்டினாள். இரண்டு இடத்தில் தவறாகச் சொன்னேன். செவிலியர் திருத்தினார். திருத்தியதை மறுபடியும் சொன்னேன்.

“எந்தப் பக்கம் அத்தான், இடதா வலதா?” என்று கேட்டாள்.

நாள்தோறும் பக்கம் மாற்றிப் போட வேண்டும், நேற்று எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று செவிலியர் மகளைக் கேட்டார். மகள் யோசித்தாள். பிறகு சேலைக்கு மேல் வயிற்றின் இரு பக்கமும் விரலால் அழுத்தி, வலிக்கிற இடத்தைத் தேடினாள்.